உடையப்பனின் சஹானா

கலாதேவியின் காதுக்குப் பயந்து, ஈப்போ பக்கத்துச் செமோர் ஊர்க் கோயில் பஜனைக் குழுவில் பாடுவதையே விட்டவர்கள் உண்டு. அவள் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, சட்டைப் பொத்தான் கழன்றிருப்பதைச் சொல்கிற மாதிரி, "ரெண்டாவது அடியில சுருதி இறங்கிருச்சி" என்பாள். அவ்வளவுதான். கேட்டவர் அடுத்த வெள்ளிக்கிழமை பின்வரிசைக்குப் போய்விடுவார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. செய்கிற வேலையே அப்படி. கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு. கட்டுக்குச் சில கையுறைகளை உருவி, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். துளி எட்டிப் பார்த்தால் சிவப்பு மையால் ஒரு வட்டம். ஓட்டையில்லாத கையுறையை யாரும் பாராட்டுவதில்லை, அது பேசாமல் பெட்டிக்குப் போய்விடும். இருபது வருடத்துக்கு மேல் இதையே பார்த்தவளுக்கு மனிதர்களின் தொண்டையும் அப்படித்தான் தெரிந்தது.

பிறந்தது பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே கித்தா மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈப்போவிலிருந்து ஒரு வாத்தியார் வந்து கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் சரளி வரிசையைத் தாண்டுவதற்குள் பந்து விளையாட ஓடிவிட்டார்கள். கலாதேவி மட்டும் கீர்த்தனை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தோட்டத்து முருகன் மேல் வாத்தியாரே கட்டிய சஹானா ராகக் கீர்த்தனை ஒன்று அவளுக்கு உயிர். 'உன் மலை ஏறி வந்தேன், ஒரு சொல் சொல்லாயோ' என்று தொடங்கும். தோட்டத்தில் மலை ஏது? ஒரு மேடுதான். ஆனால் பாடும்போது மலையாகத்தான் இருக்கும்.

செமோருக்குக் கல்யாணமாகி வந்தபிறகும் வேலைக்குக் கிளம்புமுன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். ஒரு தைப்பூசத்தன்று கோயிலில் அவள் பாடியதை யாரோ பதிவு செய்து கேசட்டாகக் கொடுத்தார்கள். தனியாக உட்கார்ந்து கேட்டாள். குழைந்து இறங்கியதாக அவள் நினைத்த இடமெல்லாம் உரசிக்கொண்டு இறங்கியிருந்தது. கேசட்டை நிறுத்தினாள், சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். அன்றோடு பாட்டு நின்றது. தன் குரலுக்கும் ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிட்டாள், அதனால் பாரபட்சம் காட்டினாள் என்று யாரும் சொல்ல முடியாது.

கணவர் உடையப்பன் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். விடியுமுன் குடியிருப்புத் தாமான் தாமானாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கமுள்ள மின்சாதனத் தொழிற்சாலையில் இறக்குவது வேலை. நல்ல மனிதர், சமைப்பார், அதிர்ந்து பேசமாட்டார். சங்கீதத்துக்கும் அவருக்கும் காத தூரம் என்பது கலாதேவியின் முடிவு. அந்த முடிவுக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. கல்யாணமான முதல் வருடத்தில், மீன் பொரித்துக்கொண்டே அவளுடைய சஹானாவை அவர் முணுமுணுத்தார்.

"ரிஷபம் கீழ இருக்கு. தெரியாத பாட்ட எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

"சரிலா" என்று சிரித்துவிட்டு அவர் மீனைப் புரட்டிப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பாடிக் கேட்டவர் கிடையாது.

போன வருடம் மழைக்காலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது உடையப்பன் படியிலேயே சாய்ந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கை வரவில்லை. பேச்சு போனது போனதுதான், ஒரே ஒரு சொல்லைத் தவிர. "போலாம்." ஆட்களை ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தும்போது தினமும் சொன்ன சொல். தண்ணீர் கேட்டாலும் போலாம், கால் வலித்தாலும் போலாம், சோறு போதும் என்றாலும் போலாம். சொல்லிவிட்டு, தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார். எதிராளி சொல்வதெல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை.

ஈப்போ மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் நஜீமா என்ற தாப்பா ஊர்க்காரப் பெண். அவள் கலாதேவியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"முதல் சில மாசந்தான்கா முக்கியம். அதுக்கப்புறம் வாரது ரொம்ப கஷ்டம். சில பேருக்குப் பேச்சு போனாலும் பாட்டு நிக்கும். அந்தப் பாட்ட புடிச்சிக்கிட்டு பேச்சுக்கு வரலாம். அண்ணே பாடுவாரா?"

"அவருக்கு சுருதி நிக்காதும்மா."

"நான் சுருதி கேக்கலக்கா. பாடுவாரான்னு கேட்டேன்."

உடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்த பாட்டை மெதுவாகப் பாடச் சொல்ல வேண்டும், எழுத்துக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்ட வேண்டும், கூடவே வீட்டு ஆளும் பாட வேண்டும் என்று நஜீமா செய்து காட்டினாள். கலாதேவி கவனமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்ததுதான் வினை. சுருதிப் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். ஆண் குரலுக்கு ஏற்றபடி ஒரு கட்டைச் சுருதியில் வைத்தாள். கணவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். இடது கையால் தாளம் போடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எந்தச் சபையில் எவர் இடது கையால் தாளம் போடுகிறார்? துவண்டு கிடந்த அவருடைய வலது கையைத் தன் கையால் தூக்கி, அவர் தொடையில் ஆதி தாளம் போட வைத்தாள். பிறகு சரளி வரிசையின் முதல் ஸ்வரத்திலிருந்து ஆரம்பித்தாள். நோயாளிக்கு மருந்து கொடுக்கச் சொன்னால் பரீட்சை வைத்த கதையாகிவிட்டது.

உடையப்பன் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு ஒலி வந்தது.

"கொஞ்சம் மேல" என்றாள் கலாதேவி.

வாய் மூடிக்கொண்டது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. சுருதிப் பெட்டியை எடுத்தாலே அவர் கண்ணை மூடிக்கொண்டார். கெஞ்சினாள், அழுதாள், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு மிரட்டியும் பார்த்தாள். "போலாம்" என்றார். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்க இந்த ஒற்றைச் சொல்லோடு இந்த மனிதர் உட்கார்ந்திருக்கப் போகிறார் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை மாலை ராக்காயி வந்தாள். மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், உடையப்பன் பஸ்ஸில் வருடக்கணக்காகப் போனவள். ஆரஞ்சுப் பழப் பையை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, புது டிரைவர் வந்திருக்கான். வாயே தொறக்க மாட்டேங்கிறான். நீங்க பாடாம பஸ்ஸே செத்துப் போச்சி."

கலாதேவி தேநீர்க் கோப்பையோடு நின்றுவிட்டாள். "பாட்டா? ரேடியோ போடுவாரா?"

"ரேடியோ எங்கக்கா வேல செஞ்சிச்சி? அண்ணே சொந்த வாயாலதான். தெனமும் ஒரே பாட்டு. நீங்க வீட்டுல பாடுறதுதானாமே? கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டே புடிச்சிக்கிட்டேன்னு சொல்லுவாரு."

உடையப்பன் தரையைப் பார்த்தார். திருடிய பொருளோடு பிடிபட்டவரின் முகம்.

"எங்க அண்ணன் செத்து, காரியமெல்லாம் முடிச்சிட்டு வேலைக்குப் போனேன் பாருங்க," என்றாள் ராக்காயி, "முன் சீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டே வாரேன். இந்த அண்ணே என்னான்னு கேக்கல. அந்த மொத அடிய மட்டும் திரும்பத் திரும்பப் பாடிக்கிட்டே ஓட்டுனாரு. எனக்கு யாரோ தலையத் தடவுற மாதிரி இருந்திச்சி. ஃபேக்டரி கேட்டுக்குப் போறப்ப அழுக நின்னு போச்சிக்கா."

சொல்லிவிட்டு அவள் அதைப் பாடியும் காட்டினாள். அரிசி புடைத்துக்கொண்டே பாடுகிற குரல். முதல் இரண்டு சொல்லிலேயே கலாதேவியின் காது வேலையைத் தொடங்கிவிட்டது. ரிஷபம் கீழே. காந்தாரத்தில் நின்று அசைந்து வர வேண்டிய இடத்தில் ஒரே குதி. தாளம் போன இடம் தெரியவில்லை. ஆனால் 'ஒரு சொல்' என்ற இடத்தில் ராக்காயி மூச்சை இழுத்து, அந்தச் சொல்லை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அப்படிச் சொல்லித் தரவில்லை. கலாதேவியும் ஒரு நாளும் அப்படிப் பாடியதில்லை. உடையப்பன் பாடியிருக்கிறார். செத்துப்போன அண்ணனை நினைத்து ஒருத்தி அழுதபோது, பஸ் ஓட்டிக்கொண்டே அவர் அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறார். அத்தனை வருடம் பாடியும், அந்த வரி கெஞ்சுகிற வரி என்பது கலாதேவிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்போதுதான் கேட்டது. ராக்காயியின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். உடையப்பனின் இடது கை நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"...ஒரு சொல் சொல்லாயோ..."

சொற்கள்! முழுசாக, தெளிவாக! கலாதேவி தன்னையறியாமல் ஓர் எட்டு முன்னால் வந்தாள். உடையப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உடனே வாய் மூடிக்கொண்டது. கை நின்றது.

அவர் வாயை அடைத்தது நோய் மட்டுமல்ல என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கியது. எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு விளங்கியது. "பசியாறுங்க" என்று ராக்காயியின் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு அவள் பின்பக்கம் போய், துணி துவைக்கும் இடத்தில் நின்று அழுதாள்.

மறுநாள் காலை அவள் சுருதிப் பெட்டியைத் தொடவில்லை. கணவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே பாடத் தொடங்கினாள். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி கிறீச்சிட்டது. வேறொரு நாளாயிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். அன்று நிறுத்தவில்லை. முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள், மெதுவாக, எழுத்து எழுத்தாக. கூடத்தில் சத்தமில்லை. பருப்பு வெந்தது. மீண்டும் பாடினாள்.

வெகு நேரம் கழித்துக் கதவுக்கு அப்பாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல். அவளுடையதைவிட எவ்வளவோ கீழே, எந்தக் கட்டையிலும் சேராத ஓரிடத்தில் உடையப்பன் பாடிக்கொண்டிருந்தார். ரிஷபம் அன்றைக்கு மீன் பொரித்தபோது இருந்த அதே இடத்தில்தான் இருந்தது. காது பழக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வாய் திருத்தப் போகவில்லை. அவள் தன் குரலை இறக்கி, அவர் இருந்த இடத்துக்குக் கொண்டு வந்தாள். வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். அவளுக்கோ, இத்தனை வயதில் முதன்முறையாகப் பாடுவது போலிருந்தது.

சில நாளில் கதவு பாதி திறந்தது. பிறகு அவள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, தானும் இடது கையால் தட்டினாள். நஜீமா ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, அதே மெட்டில் வீட்டுச் சொற்களைப் போடச் சொன்னாள். சஹானாவில் தண்ணீர் கேட்கப்பட்டது. சஹானாவில் கால் வலித்தது. குழம்பில் உப்பில்லை என்ற செய்தியும் சஹானாவில்தான் வந்தது, அதில் கொஞ்சம் கூடுதல் பாவம் இருந்ததாகக் கலாதேவிக்குப் பட்டது.

வெளியே போய்ப் பழக வேண்டும் என்று நஜீமா சொன்னதால், ஒரு ஞாயிறு காலை இருவரும் உடையப்பன் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஜாகிர் கடைக்குப் போனார்கள். உடல் சரியில்லாமல் ஆனதிலிருந்து அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கடை நிறையக் கூட்டம். ஜாகிர் ஓடிவந்து, "அண்ணே! வழக்கமானதுதானே?" என்று கேட்டான். நல்லெண்ணம்தான்.

"இரு தம்பி. அவரே சொல்லுவாரு" என்றாள் கலாதேவி.

உடையப்பன் நெற்றி வியர்த்தது. "போ..." என்று தொடங்கி நிறுத்தினார். இடது கை மேசைக்குப் போனது.

"தே தாரிக்... ஒண்ணு... குராங்... மானிஸ்..."

பாடினார். ஆற்றிய தேநீர், சீனி குறைவாக என்பதைச் சத்தமாகவே பாடினார். ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உடையப்பனின் காது சிவந்தது, தலை குனிந்தது.

ஜாகிர் சங்கடத்தோடு, "அக்காவுக்கு என்னா?" என்றான்.

கலாதேவி தட்டத் தொடங்கினாள். அத்தனை பேர் நடுவில், கணவர் விட்ட அதே சுருதியில், அந்தத் தப்பான ரிஷபத்திலேயே, "எனக்கும் ஒண்ணு... சீனி போட்டு..." என்று பாடினாள். உடைந்த இடத்தில் குரல் உடைந்தது. உடையட்டும் என்று முடிக்கும் வரை பாடினாள்.

உடையப்பன் தலை நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தட்டாமல், மெட்டில்லாமல், வெறும் பேச்சாக ஒரு சொல் சொன்னார்.

"நல்லாருக்கு."

அவள் பாடியதைத்தான் சொன்னார். தே இன்னும் மேசைக்கு வரவில்லை.