வெள்ளச்சியும் சாம்பலியும்

வேப்பெண்ணெயின் கசப்பு மணம் உள்ளங்கையில் ஏறிவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஸ்கந்தபுரத்து வீட்டில் மாட்டுக்கோ மனிதருக்கோ எந்தக் காயமென்றாலும் அம்மா அதையே பூசுவார். முள்ளுக்கம்பியில் காது கிழிந்த என் முயல் வெள்ளச்சிக்கும் அதைப் பூசி, நோய் மாட்டைப் பிரித்துக் கட்டுவதுபோல, "காயம் ஆறுமட்டும் தனிய விடு பிள்ளை" என்று கோழிக்கூட்டில் அடைத்தார்.

அம்மாவுக்கு மூச்சிழுக்கும் இளைப்பு வந்ததால், வீட்டுவேலைக்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு, வெள்ளச்சியும் அதனோடு கூடப்பிறந்த சாம்பலியும்தான் நாள் முழுதும் கூட்டு. காயம் ஆறிப் பழைய கூட்டில் விட்டதும், சாம்பலி பாய்ந்து வெள்ளச்சியின் முதுகு மயிரைக் கொத்தாகப் பிடுங்கியது. திரும்பவும் பிரித்து வைத்தோம்.

"ஒரே வயித்தில பிறந்ததுகள், காணி பிரிக்கவோ கடிபடுதுகள்?" என்றார் அப்பா.

"உங்கட தங்கச்சிமாரிட்டைக் கேளுங்கோ," என்றார் அம்மா, சமைத்தபடி குசினிக்குள்ளிருந்து.

அப்பா சிரித்தார். சிரித்த வாயாலேயே, "இன்னொருக்கால் கடிபட்டால் ஒண்டைக் கறிக்குக் குடுத்துப்போடுவன்," என்றார். சொன்னதைச் செய்யும் மனிதர். எனக்கு எதை என்று கேட்கவும் பயம். கேட்டால் அந்த நிமிடமே முடிவெடுத்துவிடுவாரோ என்று.

வெள்ளச்சிக்கு மயிர் பிடுங்கிய இடத்தில் இலையான் ஈக்கள் மொய்க்காதிருக்க மறுபடி எண்ணெய் பூசிவிட்டு, கழுவாத கையோடு சாம்பலிக்கு முள்முருக்கு இலை நீட்டினேன். எப்போதும் என் விரலை நக்குகிற அது, பின்னங்காலால் நிலத்தை உதைத்து விலகியது. எண்ணெய் மணத்தில் என்னையே அடையாளம் தெரியாததற்கு வெள்ளச்சியை எப்படித் தெரியும்?

சாம்பலியின் கழுத்திலும் அதே எண்ணெயைத் தடவினேன். பழைய மணம் போகக் கூட்டைக் கழுவிக் காயவிட்டு, இரண்டையும் அவை கால் வைத்திராத நெல் சூடடிக்கும் களத்துக்குத் தூக்கிப்போய் விட்டேன். சாம்பலி துரத்தியது, மேலே ஏறியது. நான் பாயப்போக, கூடவந்த அம்மா கையைப் பிடித்தார்.

"இரத்தம் வந்தால் பிடிப்பம். பொறு."

வெயில் சாயும்வரை அப்படியே நின்றேன். கடைசியில் சாம்பலி தலையைத் தாழ்த்த, வெள்ளச்சி அதன் நெற்றியை நக்கியது. வயலால் திரும்பி வந்த அப்பா பார்த்து நின்றுவிட்டு, "சரி, ரெண்டும் இருக்கட்டும்," என்றார். சில நாள் களத்தில் பழகிய பிறகு, ஒரே கூட்டில் வயிறோடு வயிறு ஒட்டிப் படுத்தன.

போரில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பிய எங்கள் காணியில் இப்போது களமில்லை, பற்றைக்காடுதான். ஊரில் முயல் வளர்க்கிறார்கள், இறைச்சிக்கு. ஒவ்வொன்றும் தனிக் கம்பிக்கூட்டில். சேர்த்து விட்டால் என்ன என்று கேட்டால், "கடிபடும் அக்கா" என்கிறார்கள். ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முயல்களை நான் கண்டு கனகாலம்.