அப்பா காயவைத்த சுவர்

தெரணியகலைப் பக்கத்து மழை எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் கூரை வழியாக மட்டும் வராது, சுவர் வழியாகவும் வரும். பின்சுவரில் சாய்ந்தால் முதுகு நனையும். தம்பிக்கு இரண்டு வயது. அவன் பாய் அந்தச் சுவரோரம்தான், வேறு இடமில்லை. அவன் மூச்சு இழுக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

ஒருநாள் தோட்டத்துக் கிளாக்கர் வந்தார். "ஆபிசர் வர்றாரு. மெஷின் வச்சு செவத்துல ஈரம் பாப்பாரு. வீட்ட ஒழுங்கா வச்சிருங்க." எதற்கென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு யார் வந்தாலும் குறை கண்டுபிடிக்கத்தான் வருவார்கள். ஏச்சு வாங்காமல் தப்ப வேண்டும், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. தகரச் சட்டியில் விறகுக் கங்குகளை நிரப்பி, சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி, ஷீட்டைக் காயவைக்கும் அதே பொறுமையோடு சுவரையும் காயவைத்தார். அம்மா தம்பியோடு வாசலிலேயே இருந்தாள்.

"ஈரத்துலயா புள்ளைய போட்டிருக்கேன்னு கேட்டா, நாக்க புடுங்கிக்கிட்டு சாகணும்" என்றாள்.

ஆபிசர் இரண்டு ஊசி வைத்த சிறு கருவியைச் சுவரில் அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. "தெத நே. ஹொந்தாய்" என்றார் சிங்களத்தில். ஈரமில்லையாம், நல்லதாம். நான் கைதட்டினேன். பக்கத்து வீட்டில் சிவப்பு எரிந்தது. அந்த வீட்டு அக்கா வெட்கத்தில் அழுதாள்.

"அழாத புள்ள, அடுத்த தடவ எங்க வீட்டுக்காரர அனுப்புறேன்" என்று அம்மா பெரிய மனசோடு ஆறுதல் சொன்னாள்.

பிறகுதான் தெரிந்தது, சிவப்பு எரிந்தவர்களுக்கெல்லாம் மேட்டில் புது வீடு என்று. அதற்குள் எங்கள் சுவர் பழையபடி கசியத் தொடங்கியிருந்தது. காய்ந்தது மேல்பூச்சு மட்டும்தான். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபிசுக்குப் போனார்.

"ஐயா, இன்னொருக்கா அளந்து பாக்க சொல்லுங்க. சின்னவனுக்கு மூச்சு இழுக்குதுங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்று கிளாக்கர் சிரித்தார்.

அக்கா குடும்பம் சட்டிபானையோடு மேட்டுக்குப் போன அன்று, அப்பா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பின்சுவரில் வீசினார். பிறகு இன்னொரு வாளி. அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு, "போதுங்க, போதுங்க" என்று அழுதாள்.

பச்சை வாங்கிய சுவராயிற்றே, அப்பா கழுவிச் சுத்தமாக வைக்கிறார் என்று அந்த வயதில் நினைத்தேன். தண்ணீர் விழும் பீலிக்கு ஓடிப்போய் நானும் ஒரு வாளி நிறையப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.