டோரியின் கால் முடி

என் அண்ணன் ஃபின்டன் பால் லாரி ஓட்டுகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மழை அதிகமுள்ள லீட்ரிமில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவு நிலத்தில் டோரி என்ற பெண்குதிரையை வளர்க்கிறான். முழங்காலிலிருந்து குளம்பை மூடும்வரை அவளுக்கு வெள்ளை முடி தொங்கும். குதிரைச் சந்தையில் அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

அக்டோபரில் தொடங்கிய மழை ஜனவரியிலும் விடவில்லை. ஃபின்டன் தினமும் வேலை முடிந்து வந்ததும் குழாயைப் பிடித்து அந்த முடியிலிருந்த சேற்றைக் கழுவினான். வெள்ளை பளிச்சென்று தெரிந்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். ஆனால் முடி மறுநாளும் காயாமலே இருந்தது.

“கழுவாத. சேறு காஞ்சப்புறம் தேய்ச்சு விடலாம்,” என்றேன்.

“காய வைக்க வெயில நீ வாங்கிட்டு வர்றியா?” என்றான். மறுபடி குழாயைத் திறந்தான்.

போன வாரம் டோரி பின்னங்காலை ஊன்ற மறுத்தாள். கால்நடை மருத்துவர் நோலா வந்து முடியை வெட்டச் சொன்னார். ஃபின்டனே வெட்டினான். முடியோடு தோலும் பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் சீழ்.

“தினமும் கழுவுனது யாரு?” என்றார் நோலா.

“நான்தான்.”

“ஊற வச்சு ஊற வச்சுப் புண்ணாக்கிட்டீங்க. இனி ஒரு மாசம் கால்ல ஈரமே படக்கூடாது.”

“இந்த ஊர்லயா டாக்டர்?”

நோலா கொட்டகைத் தரையைப் பார்த்தார். வைக்கோலுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். ஃபின்டன் நனைந்த வைக்கோலை அள்ளி எறிந்துவிட்டுப் புதிய வைக்கோல் கட்டைப் பிரித்தான். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.