அப்துல் அலீமும் பச்சைச் சுவரும்

செடித்தொட்டியின் அடித்தட்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுகிறார் அப்துல் அலீம். அடுத்த தொட்டிக்கு நகர்கிறார். மொத்தம் நாற்பத்தொரு தொட்டிகள். எதன் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினாலும் டெங்கிக் கொசு வரும், பின்னாலேயே அபராதமும் வரும். காலை ஏழு மணிக்கு, எங்கள் பல்கலைக்கழகத்தின் குப்பை அறைக்குப் பின்னால் இது தினமும் நடக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக இங்கே தோட்டக்காரர் அவர். சென்ற வருடம் வரை இந்தத் தொட்டிகள் பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் இருந்தன. பசுமையாக, திறந்தவெளியாக மாற்றுகிறோம் என்று சுவர்களை இடித்தார்கள். நூலக அலுவலரான எனக்கு அறை போயிற்று. அவருக்குத் தாழ்வாரம் போயிற்று. அந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி உயரத்துக்குச் செடிகளாலேயே ஒரு சுவர் நிற்கிறது. குழாயில் தண்ணீர் தானாக இறங்கும், ஆளே வேண்டாம்.

மாணவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து படிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கப் பார்க்க இவருக்கு வயிறு எரிகிறது. மறைக்கவும் தெரியாத மனிதர். "அது செடி இல்ல தங்கச்சி, ஷோரூம் லா. ரசத்துக்குப் போட ஒரு கருவேப்பிலை கெடைக்குமா அதுல?" என்பார். அவர் தொட்டியை நம்பித்தான் எங்களில் பாதிப் பேர் வீட்டில் தாளிப்பே நடந்தது. சுவரை வடிவமைத்த இளம்பெண் ரோஷினி வந்து, "அங்கிள், நல்லா ஹெல்தியா இருக்குல்ல?" என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு மேகத்தைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தையில் அவரோடு தேநீர் குடிக்கும் கூட்டாளிகளுக்கு இந்தப் புலம்பலைக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். எனக்குப் புளிக்கவில்லை. அறையைப் பறிகொடுத்தவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் சுவருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றுபோனது. சுவர் கூரைக்குக் கீழே இருப்பதால் மழையும் படாது. இரண்டாம் நாள், மிச்ச வேலையை முடிக்க நான் போனபோது இலைகள் துவண்டு தொங்கின. தன் தொட்டிகளைப் பார்க்க வந்திருந்த அப்துல் அலீம் பராமரிப்பு நிறுவனத்துக்கு நான்கு முறை போன் அடித்தாராம், யாரும் எடுக்கவில்லை.

"இது செத்துப்போச்சுன்னா என் தொட்டிய திரும்ப இங்கதான வைக்கணும்?" என்று கேட்டார்.

"வேற என்னண்ணே செய்வாங்க, வச்சுத்தான் ஆகணும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ரப்பர் குழாயும் கையுமாக நிற்கிறார். கீழே முடித்து, மேல் மாடிக்கு ஏறி, மதியம் வரை ஊற்றினார். "தலைக்கனம் புடிச்ச கழுத, குடி. இன்னும் குடி" என்று திட்டிக்கொண்டேதான் ஊற்றினார்.

குழாயைச் சுருட்டி வைத்தபின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் நிற்பது தெரியவில்லை. சுவரில் நன்றாகத் துளிர்த்திருந்த ஒரு கொடியின் நுனியைக் கணுவோடு ஒடித்து, நனைத்த கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.