திரும்பியிருக்கும் விசிறி

தையல்காரி வீட்டைக் கூட்டினால் குப்பையை உடனே கொட்டமாட்டாள். விரலால் ஒருமுறை துழாவிப் பார்ப்பாள். அவள் கணவர், பெட்டியில் துண்டுதுண்டாக வரும் குட்டி விமானங்களை ஒட்டிச் சேர்ப்பவர். அவருடைய இடுக்கியிலிருந்து நழுவும் பொடிச் சக்கரமெல்லாம் அந்தக் குப்பையில்தான் அகப்படும்.

வயதாக ஆக அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கடைசி விமானத்துக்கு மூக்கு விசிறியை மாட்ட முடியாமல் அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது, அவளே பசை தொட்டு விசிறியை ஒட்டிவைத்தாள்.

அவரைப் பார்க்க வந்த கொழுந்தன் விமானத்தைக் கையிலெடுத்துச் சிரித்தான். "என்னண்ணே, விசிறி பின்பக்கமா திரும்பியிருக்கு? இது ரிவர்ஸ்லதான் பறக்கும் போல!"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நான்தான்டா மாட்டினேன். பறக்கவா போகுது? நீ அதுல கைய வைக்காதே" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமலே.

அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த மாதமே அவர் போய்விட்டார்.

"இப்பவாவது சரிபண்ணித் தரட்டுமா அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள்.

விமானம் கண்ணாடி அலமாரியில் அப்படியே இருக்கிறது. அவள் இன்றைக்கும் குப்பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுகிறாள்.