எனக்கு எழுதின மாத்திரை, யாரோட தரிசனத்துக்கோ

இன்னைக்கு திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல டாக்டர் சீட்டை நீட்டினேன்.

கடைக்காரர் படிச்சிட்டு, "தரிசனம் என்னைக்கும்மா? பீரியட்ஸை எத்தினி நாள் தள்ளிப்போடணும்?"ன்னார்.

"தள்ளிப்போட எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பை உள்சதை வெளியில வளர்ற நோய். போன வருஷமே கர்ப்பப்பை, ஓவரி எல்லாம் எடுத்தாச்சி. இந்த ஹார்மோன் மாத்திரை ரெண்டையும் தினமும் போட்டுக்கினு இருக்கேன்."

கியூ மொத்தமும் என்னையே பாத்துது.

"கர்ப்பப்பை இல்லன்னா ரெண்டாவது மாத்திரை எந்துக்கம்மா? முதல்து போதும். ரெண்டாவது, பத்து மாத்திரை அட்டை ஒண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லி, அதை என் பின்னாடி நின்ன பொண்ணுகிட்ட நீட்டினார். அவளுக்கு நாளைக்கு மலையில தரிசனமாம்.

வயித்துல மிச்சம் ஒட்டிக்கினு இருக்கற அந்த சதை முதல் மாத்திரையால திரும்ப வளரலாம், அதை அடக்கத்தான் ரெண்டாவதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பத்து வருஷம் சுருண்டு படுத்த வலி அது. வீட்டுல ஒரு மாத்திரைகூட மிச்சம் இல்ல.

"சீட்டுல எழுதினதை குடுங்கண்ணா!" கத்திட்டேன்.

"சாமி காரியம், விட்டுக்குடும்மா"ன்னாங்க அந்தப் பொண்ணோட மாமியார்.

பொண்ணு அவங்க பக்கமே திரும்பல. "அண்ணா, எனக்கு ஆறு போதும். வெட்டிட்டு மீதியை அக்காவுக்குக் குடுங்க."

நாலு மாத்திரை கிடைச்சிது. நாலு நாள்.

நகரி, புத்தூர், சித்தூர் ஆளுங்களே, சீட்டு போட்டோ போட்டிருக்கேன், இந்த ரெண்டாவது மாத்திரை எந்தக் கடையில ஸ்டாக் இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. மாத்திரை மட்டும் போதும். இல்லாத கர்ப்பப்பைக்கு அட்வைஸ் எல்லாக் கடையிலயும் ஸ்டாக் இருக்கு.