என்னை நீக்கிய தீர்மானம்

நம் ஊர் இளைஞர் மன்றத்திலிருந்து என்னை நீக்கியது உங்கள் அம்மாதான். ஊரில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். டீக்கடையில் கேட்டதை வைத்து, பிள்ளைகளே, நீங்கள் அப்பாவையோ அம்மாவையோ தப்பாக நினைத்துவிடக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தை ஆரம்பித்தது நான். பால் சொசைட்டி புதுக் கட்டடத்துக்குப் போனதும் பழைய அறை சும்மா கிடந்தது. ஒரு கேரம் போர்டு, ஒரு வாலிபால் வலை, தினமும் ஒரு பேப்பர், அவ்வளவுதான் மன்றம். பதிவு செய்தால்தான் அறை தருவோம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். அது மாசி மாதம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் மாசி மாதம் ஏழு ஆம்பளைகளைப் பிடிப்பது லேசா? முக்கால்வாசிப் பேர் ரிக் வண்டியோடு வடக்கே போர்க் கிணறு போடப் போயிருந்தார்கள். தேடிப் பார்த்ததில் நாலு பேர்தான் தேறினோம். மீதிக்கு உங்கள் அம்மா, என் அத்தை, பக்கத்து வீட்டு அக்கா மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். சும்மா பேருக்குத்தான் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

விதிகளையும் நானே எழுதினேன். அந்த நாலு பேரில் ஒருவர் என் பெரியப்பா மகன், தறி ஓட்டுகிற அண்ணன். கேரம் ஆட முதல் ஆளாக வருவார். கூட்டம் என்றால் வயிற்றுவலி வந்துவிடும். அவரை மனதில் வைத்து, 'தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் நீக்கப்படுவார்' என்று ஒரு விதி சேர்த்தேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. நானும் வருசத்தில் எட்டு மாதம் வடக்கே கிடப்பவன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பல வருசம் ஒரு தொந்தரவும் இல்லை. கூட்டமே நடக்காதபோது வராமல் போவது எப்படி? ஒரு தை மாதம் நாங்கள் வண்டியேறிய பிறகு பஞ்சாயத்து கிளார்க் வந்திருக்கிறார். மாதாமாதம் கூட்டம் நடத்தி நோட்டில் எழுதாவிட்டால் அறையைப் பூட்டி பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மா நோட்டை எடுத்தாள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். புதிதாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். கூட்டம் முடிந்ததும் சுண்டல் கொடுத்ததால் அண்ணனுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது.

ஆடியில் வடக்கே மழை பிடித்து நாங்கள் ஊர் திரும்பினோம். குளித்துச் சாப்பிட்டு நேராக மன்றத்துக்குப் போனேன். வாலிபால் வலை மயில் கொத்தாமல் இருக்க யாருடைய தக்காளிச் செடிமேலோ கிடந்தது. உள்ளே அத்தை கேரம் ஆடிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"வா சாமி. உறுப்பினருங்க மட்டுந்தான் உள்ள வரோணும்."

"அண்ணா, நாந்தான் தலைவர்!"

"அது போன சித்திரையோட முடிஞ்சுது. நாந்தான் இப்பத் துணைச் செயலாளர்."

உள்ளேயிருந்து உங்கள் அம்மா நோட்டோடு வந்தாள். "ஏனுங்க, மூணு கூட்டத்துக்கு வரலைன்னா நீக்கோணும்னு நீங்கதானுங்க எழுதியிருக்கறீங்க. எம்பட எழுத்தா இது?"

"எழுதுனேன். அது வேற ஆளுக்கு எழுதுனது."

"யாருக்கு?" என்றார் அண்ணன்.

நான் உங்கள் அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.

மறுபடி சேர விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சேர விரும்பும் காரணம் எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 'இது நான் ஆரம்பித்த மன்றம்' என்று எழுதினேன். "இதென்ன காரணம்? ஆரம்பிச்சாப் போதுமா? கல்யாணத்தைப் பண்ணிப்போட்டு வடக்க போனவன்தான இவன்" என்றார் அத்தை. மூன்றாம் முறை, 'எனக்குப் போக வேறு இடம் இல்லை' என்று எழுதினேன். அதுதான் உண்மை. சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே வருகை சொல்லலாம் என்று அண்ணன் தீர்மானம் கொண்டுவந்தார். உங்கள் அம்மா ஒரு வரி சேர்த்தாள்: "பேரைக் கூப்புடறப்பத் தன் வாயால உள்ளேன்னு சொல்லோணும். மெசேஜ் செல்லாதுங்க."

மழை விட்டதும் சத்தீஸ்கர் போனேன். முதல் கூட்டத்தன்று காட்டுக்குள் சிக்னல் இல்லை. இரண்டாவது கூட்டத்தன்று ரிக் வண்டிக் கம்ப்ரசரின் சத்தத்தில் போன் அடித்ததே தெரியவில்லை. மூன்றாவதும் தவறினால் மறுபடி வெளியே நிற்க வேண்டும்.

மூன்றாவது கூட்டத்தன்று ஒரு விவசாயியின் நிலத்தில் போர் பாதி இறங்கியிருந்தது. அவர் குடும்பமே பயபக்தியோடு சுற்றி நின்றது. நெஞ்சோடு வைத்திருந்த போன் அதிர்ந்தது. கம்ப்ரசரை நிறுத்தினேன்.

எங்கள் வண்டி மேனேஜர் ஓடி வந்தார். "ஏண்டா நிறுத்துன? குழிக்குள்ள மண்ணு சரிஞ்சா தொளை போடற ராடு சிக்கிக்குமுடா!"

"ரெண்டே நிமிசமுங்கண்ணா."

சேர்ந்த வரிசைப்படிதான் பேர் கூப்பிடுவார்கள் என்பதை மறந்திருந்தேன். நான் புது உறுப்பினர், கடைசிப் பேர். ஆரம்பத்திலேயே அத்தையின் பேர் வந்தது. பதில் இல்லை. ஆட்டுக்குட்டி அவிழ்த்துக்கொண்டதாம், கட்டப் போயிருக்கிறாராம். எல்லாரும் காத்திருந்தார்கள். இங்கே மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ராடு சிக்கினால் என் வேலை போகும், காத்திருக்காவிட்டால் மன்றம் போகும்.

அத்தை திரும்பி வந்து உள்ளேன் என்றார். அதற்குப் பிறகும் பதினொரு பேர். கடைசியில் என் பேர் கேட்டது. இருந்த பயத்தையெல்லாம் சேர்த்து, வானத்தைப் பார்த்து, "உள்ளேன்!" என்று கத்தினேன்.

"எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க? காது நல்லாத்தான் கேக்குது. பதிஞ்சாச்சு" என்றாள் உங்கள் அம்மா.

நிமிர்ந்து பார்த்தால் அந்த விவசாயி கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார். மனைவி, மக்கள் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்ரசரைப் போட்டேன். ராடு சிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து நிலத்தில் வண்டியை நிறுத்தினோம். அந்த நிலத்துக்காரர் தேங்காய் உடைத்துவிட்டு என் முன்னால் கைகூப்பிக் காத்திருந்தார். அன்றைக்குக் கூட்டம் எதுவும் இல்லை. நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"கத்துடா, கஸ்டமர் நிக்கறாருல்ல" என்றார்.

கத்தினேன்.